கண்ணாடித் தொட்டியில் ஒரு யப்பான் மீன்

எங்கள் ஊரில் மீனைக் கண்டால் முதலில் புளியைத்தான் கரைப்பார்கள். ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில், என் அக்காவான ராத்தாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்குக் குடியிருக்க வந்த மச்சான் ஒரு கண்ணாடித் தொட்டியையும் கையோடு கொண்டுவந்தபோது, கல்முனைக்குடியில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மீனைத் தின்னாமல் மீனுக்குத் தீன் போடுகிற மாப்பிள்ளை என்று பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணத்தோடு வீடு ராத்தாவின் பெயருக்குப் போனது. வாப்பாவும் உம்மாவும் நானும் பின்வளவில் குசினியோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறைக்குப் போனோம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அது நான் பிறந்த வீடு. ஓடி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது அந்த ஹோலில்தான். வந்தாலும் போனாலும் முன்வாசலால்தான் என்று அடம்பிடித்தேன். வாப்பாவின் சாய்மனைக் கதிரை மட்டும் இன்னும் ஹோலின் நடுவில் கிடந்தது. வயலிலிருந்து வந்தால் வாப்பா அதில்தான் சாய்வார். அது அங்கே கிடக்கும்வரை வீடு எங்களுடையது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மச்சானின் செருப்பை ஒளித்துவைப்பேன். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கிணற்று வாளியைக் கழற்றிவிடுவேன். பொத்துவில்காரர், கொழும்பில் புடவைக் கடையில் வேலை பார்த்தபோது இந்த மீன் பைத்தியம் பிடித்ததாம். செருப்பைத் தேடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலூட்டும்.

பின்னேரங்களில் சன்னலோரத்துத் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது வந்தால் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். தொட்டியில் உடம்பெல்லாம் கறுப்புப் பட்டி போட்ட டைகர் மீன்கள் எட்டு. கறுத்த உடம்பும் சிவந்த வாலுமாக ஒன்று. அந்தச் சிவத்த வாலனுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் சுறா. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.

"டைகர் மூணு நாலு போட்டா மத்த மீன்ட செட்டயக் கடிக்கும். எட்டுப் போட்டா தங்களுக்குள்ளேயே சண்ட புடிச்சிட்டு மத்ததச் சும்மா உட்டுடும்," என்பார். "சிவத்த வாலன் தொட்டிக்கு ஒண்டுதான். ரெண்டு போட்டா ஒண்டுதான் மிஞ்சும். நீட்டுச் செட்ட மீனும் இதுக்குள்ள சரிவராது, சாதுவான மீனும் சரிவராது."

"அப்ப எந்த மீனக் கட்டாயம் போடப்படாது?" என்று கேட்டேன். நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நம்மட வாய்க்கால்ல திரியிற யப்பான் மீன்தான். ஒரு மூலயப் புடிச்சி வெச்சிட்டு ஒருத்தரையும் கிட்ட உடாது, புள்ள."

எனக்கு அது போதும்.

லீவு காலம். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாப்பாவோடு வயலுக்குப் போய், வாய்க்காலில் துண்டை விரித்து, திலாப்பியா என்கிற அந்த யப்பான் மீனின் குஞ்சு ஒன்றைப் பிடித்தேன். சிவத்த வாலனைவிடப் பெரிது. ஜாம் போத்தலில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வயல் மீன், எங்கள் தண்ணீரில் வளர்ந்தது. கொழும்பு மீன்களை ஒரு மணித்தியாலத்தில் ஒருவழி பண்ணிவிடும். தொட்டி காலியானால் தொட்டிக்காரர் பொத்துவிலுக்குப் போய்விடுவார். இப்படித்தான் நான் திட்டம் போட்டேன்.

ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் முன்வாசலால் போய் மீனைத் தொட்டியில் விட்டேன்.

அது அடியில் போய்த் திகைத்து நின்றது. கல்லுக்குப் பின்னாலிருந்து சிவத்த வாலன் வந்து வாலில் ஒரு கடி கடித்தது. என் மீன் அடுத்த மூலைக்கு ஓடியது. அங்கே டைகர் எட்டும் சேர்ந்து விரட்டின. எந்தப் பக்கம் போனாலும் அது வேறு யாருடைய இடமாகவோ இருந்தது. கொஞ்ச நேரத்தில் வால் கந்தலாகி, தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கையை விட்டுத் துழாவினேன். அகப்படவில்லை.

சத்தம் கேட்டு ராத்தா வந்துவிட்டாள். "ஆரக் கேட்டு இதுக்குள்ள சேத்து மீன உட்ட? இது என்ட வீடு."

"எங்கட வீடு," என்றேன்.

"பின்வளவுக்குப் போ."

போகவில்லை. தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜும்ஆ முடிந்து வாப்பாவும் மச்சானும் வந்தபோதும் அப்படியேதான் நின்றேன்.

மச்சான் தொட்டியைப் பார்த்தார். நனைந்திருந்த என் சட்டைக் கையைப் பார்த்தார். "நீயா உட்ட?"

"ஓம், நான்தான்." மன்னிப்புக் கேட்கும்படி, பின்வாசலால் வந்து நின்ற உம்மா கண்ணால் காட்டினார். கேட்கவில்லை. "அது சாகப்போகுது, கெதியா எடுங்க," என்று அவரையே அதட்டினேன்.

மச்சான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். தன் மீன்களை ஒரு தண்ணீர்ப் பேசினில் விட்டார், என் மீனைப் போத்தலில் விட்டார். பிறகு தொட்டியிலிருந்த கல்லையும் செடியையும் முழுக்க வெளியே எடுத்து, ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லாதபடி மாற்றி வைத்தார்.

"புதுசா வாறவனுக்கு எது ஆர்ட இடம் எண்டு தெரியா. பழைய ஆக்களுக்குத் தெரியும். அதான் அடிக்கிற," என்றார் கல்லை அழுத்திக்கொண்டே. "எல்லாத்தையும் கலைச்சி வெச்சா எல்லாரும் புதுசு. மறுகா ஆளுக்கொரு மூலயப் புடிச்சிக்கும்."

முதலில் என் மீனை விட்டார். அது ஒரு கல்லிடுக்கில் புகுந்துகொண்டது. மற்றவற்றை விட்டபோது அவை திசை தெரியாமல் சுற்றின. "வளருமட்டும் இதுக்குள்ள இரிக்கட்டும்," என்றார். நான் நன்றி சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. வாப்பா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அஸர் தொழுத பிறகு, வாப்பா தன் சாய்மனைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். எனக்கு இரத்தம் கொதித்தது. மீன் கதையைச் சொல்லியே வாப்பாவை வெளியேற்றிவிட்டார் இந்த மனிதர் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துக்கொண்டுவந்து பழையபடி ஹோலின் நடுவில் போட்டேன். வாப்பா மறுபடியும் எடுத்துப் போனார். மறுநாளும் இழுத்துவந்தேன். மூன்றாம் தரம் கதிரைக் கால் வாசல் நிலையில் மோதிப் பிளந்துபோனது. உம்மா கையை ஓங்கினார். வாப்பா தடுத்தார்.

"இது நடுவுல கிடந்தா, மாமா எனக்கு முன்னால மருமகன் புள்ள எங்க இரிக்கிற?" என்று என்னிடம் கேட்டார்.

"தகரப் பெட்டில," என்றேன். "அவடத்த இருந்தாத்தானே அவருக்கு மீன் தெரியும்."

வாப்பா பிளந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அதை இழுத்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. அது என் வீடுதான். ஆனால் வாப்பாவின் வாயையே அடைத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் பெருமையோடு திரிந்தேன். ஹோலில் நாலு கதிரை சும்மா கிடக்க, மூன்று மாதமாக ஒரு மனிதர் ஏன் தகரப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.