ஆஃப்காரர் போட்ட துளை

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி மீன்தொட்டி வைப்பவரை முதன்முதலில் பார்த்தாள். வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டியவர். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கவுமில்லை, காரணம் சொல்லவுமில்லை. தோளில் குழாயும் கையில் துளைபோடும் கருவியுமாக மாடியேறி வந்து, மீன்தொட்டி எங்கே வரப்போகிறது என்று கேட்டார். அவள் இடத்தைக் காட்டினாள். அவரோ தரையைப் பார்த்தார். சுவரோரத்தில் ஒயர்கள் கீழே இறங்குவதற்கு ஒரு பொந்து இருந்தது.

"கீழே என்ன?"

"அக்கா வீட்டுக்காரரோட பைண்டிங் கடை."

"காகிதமா?"

"காகிதம் தவிர வேற ஒண்ணும் இல்ல."

அவர் அந்தப் பொந்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டடம் அக்காவுக்குச் சொந்தம். மாடியைத் தங்கைக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கணவனைப் பிரிந்து வந்தபின் தங்கைக்கு வாய்த்த ஒரே பிழைப்பு அந்தக் கடைதான். கண் பரிசோதனைக்கு வரும் குழந்தைகள் நாற்காலியில் உட்காராமல் ஓடினார்கள். மீன் இருந்தால் உட்காருவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். பேச்சை எடுத்தவுடன் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "உன் அஜாக்கிரதையால ஒரு சொட்டு கீழே இறங்கினாலும் சரி, இறங்கப் பாத்தாலும் சரி, அன்னைக்கே மாடியைக் காலி பண்ணிடணும்." அக்கா சொன்ன சொல் தவறாதவள் என்பதைத் தங்கை சிறுவயதிலேயே, உடைந்த பொம்மைகளின் வாயிலாக அறிந்திருந்தாள்.

தொட்டி வந்தது. மேலே மீன் நீந்தும் பெரிய தொட்டி. அதைத் தாங்கும் அலமாரிக்குள் வடிகட்டிகள் அடங்கிய கீழ்த்தொட்டி. மேலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீரை ஒரு மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். ஏற்றும் குழாயின் வாய் மேல்தொட்டியின் ஆழத்தில் மூழ்கியிருந்தது. எல்லாம் பொருத்தி முடித்த பிறகு, அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அவர் ஒரு சிறு துளையைப் போட்டார். புதுக் குழாயில் எதற்கு ஓட்டை என்று அவள் கேட்டாள்.

"கரண்ட் போனா மோட்டார் நின்னுடும்மா, தண்ணி நிக்காது. ஏறின வழியிலேயே இறங்கும். மேல இருக்கிறது பூரா கீழ வந்தா, கீழ்த்தொட்டி எங்க வெச்சுக்கும்? கொஞ்சம் இறங்கினதும் இந்த ஓட்டை தண்ணிக்கு வெளிய வந்து காத்தை உறிஞ்சும். காத்து புகுந்தா மேல் தண்ணிக்கும் கீழ் தண்ணிக்கும் உறவு அறுந்துபோகும்."

பிறகு மோட்டாரின் ஸ்விட்சைத் தாமே அணைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டார். தண்ணீர் இறங்கியது. துளை 'களக்' என்று ஒரு விழுங்கு விழுங்கியது. இறக்கம் நின்றது. கீழ்த்தொட்டியில் தண்ணீர் விளிம்புக்கு வெகு கீழே நின்றிருந்தது. மோட்டாரை மறுபடி ஓட விட்டு, தண்ணீர் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்தார். கோடு கோணலாக விழுந்தது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக இந்தக் கோடு வரைதான் ஊற்ற வேண்டும், மீனுக்குத் தாகம் எடுக்கிறது என்று குடம் குடமாகக் கவிழ்க்கக் கூடாது என்றார்.

மாதந்தோறும் சுத்தம் செய்ய வரும்போதும் இதே சடங்கு. வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைப்பார், உட்காருவார், காது கொடுப்பார். அதனால் தெருவே அவரை ஆஃப்காரர் என்று அழைத்தது. கரண்ட்காரனுக்கு முன்பே கரண்டைப் பிடுங்குகிறவர் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். சொன்ன நாளில் அவர் வந்ததே இல்லை. வந்த நாளில் அந்தச் சோதனையைச் செய்யாமல் போனதும் இல்லை.

இந்தப் பழக்கம் ஞானத்தால் வந்ததன்று. சூடு கண்டு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், மாமனாரை மகிழ்விக்க அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தார். குடும்பமே வெளியே போயிருந்த ஒரு பகலில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மாமனாரின் செருப்புகள் மிதந்து வந்து வரவேற்றன. மெத்தைகள் வெயிலில் காய்ந்தன. மாப்பிள்ளையின் மானம் காயவே இல்லை. அன்று முதல் மச்சான் அவரைக் காணும்போதெல்லாம், "மாப்பிள்ள வர்றாரு, வேட்டியை மடிச்சுக் கட்டுங்க" என்றான். தாம் வைத்த தொட்டிக்கு அருகில் இருக்கும்போது மின்சாரம் போனால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடுவது அதன் பிறகு அவருக்கு வழக்கமாயிற்று.

துளைக்கு ஒரு குறை இருந்தது. நீர்மட்டத்தை ஒட்டியிருந்ததால் ஓயாமல் 'சிர்' என்று சீறியது. கடைக்காரி எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா?" என்று கேட்டால், வந்தவர்கள், "எங்கேயோ குழாயை மூடலையே" என்று பதில் சொன்னார்கள். சீறல் அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் மேசை இழுப்பறையிலிருந்து மூக்குக்கண்ணாடியின் நோஸ்பேட் ஒன்றை, மூக்கின் மேல் பதியும் அந்த மெத்தென்ற சிறு வில்லையை, எடுத்துத் துளைக்குள் அழுத்தினாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. கடை அமைதியாயிற்று. மாமியார் வரும் நாளில் மட்டும் வீடு பெருக்கும் மருமகளைப் போல, ஆஃப்காரர் வருவதற்கு முன்பு எடுத்துவிடலாம் என்றிருந்தாள்.

மின்சாரம் அவரை முந்திக்கொண்டது. பிற்பகல் வேளை. பரிசோதனை அறையில் எழுத்துப் பலகையின் விளக்கு அணைந்தது. வந்திருந்தவரைச் சன்னலோர வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அலமாரியின் கதவு சாத்தியிருந்தது.

சற்றுக் கழித்து எதிரே டீக்கடைக்கு வந்து டம்ளரை வாங்கிய ஆஃப்காரர் விசிறி ஓடாததைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார். அவர் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி உள்ளே வந்தபோதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அலமாரியின் அடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டிக்கொண்டு ஒயர்ப் பொந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் மீன்கள் பாதித் தண்ணீரில் குழம்பிக் கிடந்தன. நீருக்கு வெளியே நின்ற துளைக்குள் அவர் நகத்தை விட்டு வில்லையைத் தோண்டினார். 'களக்' என்றது, இறக்கம் நின்றது. தோளிலிருந்த துண்டைப் பொந்தின் வாயில் எறிந்தார். போதவில்லை. சட்டையைக் கழற்றி அதையும் போட்டார்.

அவர் ஓடியதைக் கீழிருந்து பார்த்த அக்கா அதற்குள் மேலே வந்துவிட்டாள். தரையையும், சட்டையில்லாத மனிதரையும், வெளுத்துப்போன தங்கையையும் வரிசையாகப் பார்த்தாள்.

"இது உன் கைங்கரியமா, இவர் வேலையா?"

தங்கை துடைப்பதற்குத் துணியைத் தேடினாள்.

"என் குழாய்தாம்மா, கொஞ்சம் கசிஞ்சிடுச்சு" என்றார் ஆஃப்காரர். "சரி பண்ணிட்டேன். கீழே ஒண்ணும் இறங்கல." ஈரச் சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு, கையில் பொத்தி வைத்திருந்த வில்லையை அதன் பையில் போட்டார்.

அக்கா அவரை வைதாள். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, பைண்டிங் தையலைப் போல ஒன்று விடாமல் வைதாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். தங்கை தரையைத் துடைத்தாள்.

சில வாரங்கள் கழித்து எதிர்க்கட்டடத்துப் பல் மருத்துவர், தம் காத்திருப்பு அறையில் சுவரளவுக்குத் தொட்டி வைக்க விரும்பி அக்காவிடம் விசாரித்தார். ஆஃப்காரர் அதுவரை செய்திராத பெரிய வேலை. அதற்கு அவர் ஆசைப்பட்டதைத் தெரு அறியும். "அந்த ஆள் குழாய் கசியும்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற தங்கையின் காதில் அது விழுந்தது. அந்த மாதம்தான் மாடியின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மாடியேறிப் போய்விட்டாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த மாதம் ஆஃப்காரர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சம்மணமிட்டபோது அவள் மெதுவாகத் தொடங்கினாள்.

"அண்ணா, அந்தப் பல் டாக்டர் விஷயம்..."

"பேசாதீங்கம்மா. சத்தம் கேக்கணும்."

துளை விழுங்கியது. அவர் எழுந்து மோட்டாரைப் போட்டார். துணியை உதறி மடித்து, படியிறங்கிப் போனார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை; எடுக்க அவருக்குத் தேவையும் இருக்கவில்லை போலும். சீறலுக்கு அவள் பழகிக்கொண்டாள். எழுத்துப் பலகையைச் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்றினாள்.

ஆண்டுகள் பல கழிந்தபின், முழங்கால் ஒத்துழைக்காமல் தொழிலை விட்டிருந்த ஆஃப்காரர் ஒரு காலைப்பொழுதில் படியேறி வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்து நோஸ்பேட் விழுந்துவிட்டிருந்தது.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். வில்லைகள் குவியலாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். அந்தப் பழைய வில்லையைப் பற்றி இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். சொன்னால், கீழே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று அந்தக் கணத்தில் முடிவும் செய்துகொண்டாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் அழுத்துதும்மா. தளர்த்தி விடுங்க."

தளர்த்திக் கொடுத்தாள். அவர் தொட்டிப் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் காது கொடுத்தார்.

"கோட்டுக்குள்ள நிக்குதா?"

"நிக்குது அண்ணா."

"சரி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன அந்த வில்லையைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை. அதன்பின் தெருவில் அவளைக் கண்ட எந்த நாளிலும் கேட்கவில்லை.