நோ சிக்னல்

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். வானகரத்தில் சொந்த ஃபிளாட், சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏதோ மேனேஜர் பதவி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பரிமாறுகிறவரை நிறுத்தி, ரசத்தில் என்ன தப்பு என்று விளக்குவார். அவர் பேசும்போது என் கணவர் பாடம் கேட்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நிற்பார். இரண்டு பேரில் யாரைப் பார்த்தால் எனக்கு அதிகம் எரிச்சல் வரும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

நான் வீட்டிலிருந்தபடி கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பட்டாபிராமில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முத்தாபுதுப்பேட்டை, ஆவடி பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். என் பழைய கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆவடியில் ஒரு கடையில் தயாராக இருந்த ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கேள்விப்பட்டதும் அண்ணன் போனிலேயே சிரித்தார்.

"ரெடிமேடா? விவரம் இல்லாதவங்கதான் அதை வாங்குவாங்க. நான் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணித் தர்றேன்."

என் கணவர் உடனே சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஹாலில் நைலான் பாயை விரித்து, பாலியெஸ்டர் பேன்ட்டோடு அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் காபியோடு போனதும் கையை நீட்டித் தடுத்தார். "சேலையோட கிட்ட வராதம்மா. ஸ்டாட்டிக் கரன்ட் பாஞ்சா மதர்போர்டு போயிடும்." நான் கட்டியிருந்தது பருத்திச் சேலை. காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்தேன். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும், "எல்லாம் தெரிஞ்சதுதான், சும்மா ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

மதியம் நெருங்கும்போது சுவிட்சைத் தட்டினார். உள்ளே விசிறிகள் சுற்றின. கோயில் திருவிழா சீரியல் செட்டு மாதிரி பல நிறங்களில் விளக்கு எரிந்தது. நான் விளக்குக் கேட்கவே இல்லை. என் கணவர் கை தட்டினார். திரையில் 'நோ சிக்னல்' என்று இரண்டே வார்த்தை வந்தது, பிறகு அதுவும் அணைந்து கறுப்பாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததை வைத்தியம் என்பதா, வதை என்பதா தெரியவில்லை. முதலில் ரேம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பர் கேட்டு வாங்கி, பட்டையின் முனையைத் தேய்த்தார்.

"இன்னிக்குத்தானே பெட்டியைப் பிரிச்சீங்க, அதுல என்ன அழுக்கு இருக்கப் போகுது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

அடுத்து, போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினார். படம் வரவில்லை. மானிட்டர் மேல் பழி போட்டார். காலை வரைக்கும் அதில்தான் வேலை பார்த்தேன் என்றேன், காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் கரன்ட் மேல் பழி விழுந்தது. கீழே வீட்டுக்கார அம்மா தண்ணீர் மோட்டார் போட்டிருந்தார். இவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "மோட்டாரை நிறுத்துங்க, வோல்டேஜ் டிராப் ஆகுது, கம்ப்யூட்டர்ல படம் வரல" என்று கத்தினார். அந்த அம்மா தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, எங்க ஊட்டு மோட்டார் ஓடுனா உன் பொட்டி இன்னாத்துக்கு அவியுது? ஃபேனு லைட்டு எல்லாம் நல்லாத்தானே சுத்திகினு கீது?"

அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் அறிவான கேள்வி அது. இவரோ உள்ளே வந்து, "படிக்காத ஜனங்ககிட்ட பேசி என்ன பிரயோஜனம்" என்றார். என் கணவர் தலையாட்டினார்.

பிறகு தீர்ப்பு வந்தது: போர்டு செத்துவிட்டது. கடைக்குப் போன் போட்டார். செத்த போர்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டினார். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் போனை வைத்தார். வைத்த கையோடு கறிக்குழம்பைப் பிசைந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் கட்டிலில் போய்ப் படுத்தார். குறட்டைக்கு மட்டும் சிக்னல் குறையவில்லை.

என் கணவர் அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். சும்மா கீபோர்டில் எண்களுக்கான 'நம் லாக்' பொத்தானை அழுத்தினேன். அதன் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அப்படியானால் கம்ப்யூட்டர் சாகவில்லை. நான் சொல்வதைக் கேட்கிறது. படம்தான் வந்து சேரவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் ஒயர் மேலே, போர்டிலிருந்த துளையில் சொருகியிருந்தது. கீழே, படத்துக்கென்றே தனியாக மாட்டியிருந்த கிராபிக்ஸ் கார்டு. அதிலும் அதே மாதிரித் துளைகள் இருந்தன. அவற்றை மூடி வந்த கறுப்பு ரப்பர் மூடிகளைக்கூட யாரும் கழற்றவில்லை. போர்டோடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அது உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. இந்த வகை பிராசசருக்குப் படம் கார்டிலிருந்து மட்டும்தான் வரும், போர்டுத் துளையில் வராது என்று தெளிவாகப் போட்டிருந்தது. மூடியை நகத்தால் பிடுங்கினேன். ஒயரை மாற்றிச் சொருகினேன்.

படம் வந்தது. சண்டையில்லாமல், சத்தமில்லாமல் வந்தது.

சாயங்காலம் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தார். திரையைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பாத்தியா? பேட்டரியைக் கழட்டி மாட்டினேன்ல, அது செட்டில் ஆகக் கொஞ்ச நேரம் எடுக்கும். நான் அதான் விட்டுட்டுப் படுத்தேன்."

"அண்ணன் அண்ணன்தான்" என்றார் என் கணவர். நான் ஒயரை மாற்றியதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"ஒயரைத் தப்பான ஓட்டையில சொருகியிருந்தீங்க மாமா" என்றேன். "கார்டோட மூடியைக்கூடக் கழட்டல. கடைக்காரரைத் திட்டினீங்களே, அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அவர் காபி கேட்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். கடைக்காரருக்குப் போன் போகவில்லை. அதை நான்தான் செய்தேன். இரவு என் கணவர் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். காலையில், "பெரியவங்கள இப்படியா மூஞ்சிக்கு நேரா பேசுவாங்க? அண்ணனுக்கு ஒரு போன் போட்டுப் பேசிடு" என்றார். தப்பு யாருடையது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

போன் போட்டேன். நான் ஹலோ என்றதுமே அண்ணன் என்னை மன்னித்துவிட்டார். "பரவாயில்லம்மா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்று தொடங்கி, பெண்கள் ஏன் கம்ப்யூட்டர் கேபினெட் பக்கம் கை வைக்கக் கூடாது, எர்த்திங் என்றால் என்ன என்று வரிசையாக விளக்கினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். அவர் பேசி முடிப்பதற்குள் முத்தாபுதுப்பேட்டைக் கல்யாணத்தில் நலங்குப் பக்கம் முழுவதையும் அடுக்கி முடித்துவிட்டேன். இடையிடையே "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.