சிவப்பு எழுத்தின் மேல் ஒரு மூடி

அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் அக்கா என்று பெயர். பதினெட்டு வருடம் தட்டச்சு செய்த நிறுவனம் மூடப்பட்ட பிறகு, நாற்பத்து நான்கு வயதில், வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கற்றுக்கொள்ள இங்கே வந்தவள். மூன்று மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. வேலை உண்டா இல்லையா என்பது மாலை ஐந்து மணிக்குத் தெரியும். கணவன் படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில் சம்பாதிக்கும் கை அவளுடையது ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு டயாலிசிஸ் கிளினிக் வரவேற்பாளரிடமிருந்து போன்.

“அக்கா, காலையிலேர்ந்து நீங்க செஞ்ச பக்கத்துல பதினாலு பேருக்கு நாளைக்கு நேரம் குறிச்சேன். எல்லாத்துக்கும் ‘பதிவானது’ன்னு வந்துச்சு. இப்ப லிஸ்டைத் திறந்தா ஒருத்தர் பேரும் இல்லை. யாருக்கு எத்தனை மணி சொன்னேன்னு எனக்கு நினைவும் இல்லை.”

நேற்று மாலை கிளினிக் கணினியில் அந்தப் பக்கத்தை ஏற்றியபோது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. படிக்கவே துணிவில்லை. பிழை வந்தால் வெளியே காட்டாமல் ‘பதிவானது’ என்று மட்டும் சொல்லும்படி, இணையத்தில் கிடைத்த நாலு வரியை ஒட்டினாள். சிவப்பு மறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாளைக்குப் பதினாலு பேருக்கு, கிளினிக்கில் ரத்தம் சுத்திகரிக்க நாலே இயந்திரம். ஒரு நாள் தவறினாலும் மூச்சு முட்டும் உடம்புகள் வாசலில் வந்து நிற்கும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

எழுந்து டீம் லீடரிடம் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“மேடம், ஒரு தப்பை மூடி வச்சிட்டேன்.”

லீடர் முழுவதும் கேட்டாள். “தப்பு எல்லாரும் பண்றதுதான்க்கா. மூடுனீங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். அந்த நாலு வரியை எடுங்க.”

இருக்கையிலிருந்தே கிளினிக் கணினிக்குள் நுழைந்து எடுத்தாள். சிவப்பு கொட்டியது.

“கடைசி வரியைப் படிங்க. சத்தமா.”

“பேரைச் சேமிக்கிற அட்டவணையே இல்லைங்குது.”

“அட்டவணையை உண்டாக்குற கட்டளையை உங்க கம்ப்யூட்டர்ல போட்டீங்க. கிளினிக்ல?”

போடவில்லை. ஒரே வரி. தட்டினாள். சோதனைக்குப் போட்ட பெயர் பட்டியலில் ஏறியது.

“காலையில போன பதினாலும் மேடம்?”

“எங்கயும் சேராததை எங்கேருந்து எடுக்கிறது? நீங்கதான் ஒவ்வொருத்தரையா கூப்பிடணும்.”

காலையில் கிளினிக் போனுக்கு வந்த அழைப்புகளின் எண்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சிலர் திட்டினார்கள். “மிஷினை நம்புனா இதான் கதி” என்றார் ஒருவர். பதின்மூன்று பேர் கிடைத்தார்கள்; சொன்ன நேரத்தை அவர்களிடமே கேட்டுப் பட்டியலில் ஏற்றினாள். பதினாலாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் என்னென்னவோ நினைத்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் எடுத்தாள்.

“அவரு அசந்து தூங்குறாரும்மா. நாளைக்குக் காலையில ஆறு மணிதானே?”

“ஆறுதாம்மா.” பெயரை ஏற்றிவிட்டு, பட்டியலை மூன்று முறை திறந்து பார்த்தாள்.

பின்னாலிருந்து லீடர் குரல் கேட்டது. “நிரந்தரம் இப்ப இல்லைக்கா. பயிற்சியை இன்னும் மூணு மாசம் நீட்டியிருக்கேன். இனிமே சிவப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?”

“உங்களைக் கூப்பிடுறேன் மேடம்.”

“என்னை அப்புறம் கூப்பிடுங்க. முதல்ல படிங்க.”

“படிக்கிறேன்” என்றாள்.