ஆணி இறங்காத சுவர்

எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "ஏன் அத்தை, செவுத்துல மாட்டக் கூடாதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் மாமியார் வாயைத் திறப்பதற்குள் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஹால் சுவரை உள்ளங்கையால் பட்டென்று அடித்தார்.

"இதுல ஆணி எறங்காதும்மா. அடிக்க வந்தவன் சுத்திதான் ஒடஞ்சிது."

கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் வரை எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் படியிறங்க முடியும். மாமா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் தூணுக்கும் தளத்துக்கும் கம்பி போட்டு, சுவரைச் செங்கல்லில் எழுப்புவார்கள். மாமா சுவருக்கும் கம்பி போட்டார். மில்லில் மிஞ்சும் துண்டுக் கம்பிகளை வாங்கி வந்து, லீவு நாட்களில் தானே உட்கார்ந்து நெருக்கமாகக் கட்டி, ஒன்றரை அடி கனத்துக்குக் காங்கிரீட் ஊற்றினாராம். ஆறு அறைக்கும் அப்படித்தான். போதாக்குறைக்குக் கதவுகளும் இரும்புத் தகடு. எந்த எதிரிக்குப் பயந்து இப்படிக் கட்டினார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நான் மணவாள நகரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் சுவர் ஒற்றைச் செங்கல். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் அம்மா இங்கிருந்தே "நூறாயுசு" என்பார். அவர்கள் வீட்டு வைஃபை எங்கள் சமையலறை வரைக்கும் தாராளமாக வரும். பாஸ்வேர்டும் சுவர் வழியாகத்தான் காதில் விழுந்தது. அங்கிருந்து வந்தவளுக்கு இங்கே வாழ்க்கைப்பட்டது எவ்வளவு பேஜார் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ என்னவோ ஆகியிருக்கும். அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். சுவரில் முட்டிக்கொண்டவர்களுக்குக்கூடத் தனியாக ஒரு எண் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் நோயாளிகளின் விவரம் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது, கதவை மூடிய அறையில்தான் உட்கார வேண்டும் என்பது கம்பெனிக் கட்டளை. என் அறை ஹாலுக்கு அடுத்த அறை. நெட் பெட்டி ஹாலில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், அந்தச் சுவர்தான். கதவைத் திறந்து வைத்தால் நெட் ஓடும். மூடினால் போச்சு.

என்ன செய்யவில்லை நான்? கதவிடுக்கில் ஒயர் விட்டேன், இரும்புக் கதவு அதைக் கத்தரித்துப் போட்டது. வீட்டுக்கு வெளியே சுற்றி ஜன்னல் வழியாக விட்டேன், இரண்டு தடவையும் அணில் கடித்துவிட்டது. சிக்னலை அடுத்த அறைக்குத் தள்ளிவிடும் என்று கடையில் சொன்னதை நம்பி வெள்ளையாக இரண்டு டப்பா வாங்கி வைத்தேன். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டியதோடு சரி. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரை வரவழைத்தேன். அவர் அறைக்குள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி போனார்.

"மேடம், இது ஊடா, பேங்க் லாக்கரா?"

மாமாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அவரை உட்கார வைத்து டீயும் மசால்வடையும் கொடுத்து அனுப்பினார்.

ஒரு புதன்கிழமை டீம் லீடரிடமிருந்து மெயில் வந்தது. அந்த மாதத்தில் என் நெட் எத்தனை முறை அறுந்தது என்று பட்டியல் போட்டு, கீழே ஒரே வரி: வரும் திங்களுக்குள் சரி செய்யாவிட்டால் திங்களிலிருந்தே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். ஆபீஸ் சென்னையின் அந்தக் கோடியில் இருக்கிறது. விடிவதற்குள் கிளம்பி, பஸ் பிடித்து, ரயில் பிடித்து, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது ஊரடங்கியிருக்கும். யூ.கே.ஜி. படிக்கும் என் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விழித்த கண்ணோடு பார்க்க முடியும்.

மாமாவிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு ஓட்டை மாமா. ஒரு விரல் நொழையற அளவுதான்."

"ஓட்ட போட்டா அது ஊடாம்மா? சல்லடை."

தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவரைப் பிடித்தேன். "நைனா கிட்ட நானு பேச மாட்டேன்பா. நீயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வீரர்.

சரி, கெஞ்சினால் வேலைக்காகாது, சீண்டினால் ஆகும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையில் நெட்காரரை டிரில்லிங் மெஷினோடு வரச் சொன்னேன். மாமா காதில் விழும்படி நல்ல சத்தமாக, "எதுக்குண்ணா வீணா தூக்கினு வந்தீங்க? எங்க மாமா கட்டுன செவுரு இது. உங்க மெஷின் பொம்ம மாதிரி சுத்தும், உள்ள எறங்காது" என்றேன்.

நெட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதவிட பெரிய பெரிய கம்பெனி செவுருல்லாம் பாத்துட்டேன் மேடம்."

"கம்பெனி செவுரு வேற, இது வேற" என்று மாமா நாற்காலியோடு வந்துவிட்டார். நான் நினைத்தபடியே பந்தயம் ஆனது. மெஷின் இறங்கினால் ஓட்டை இருக்கட்டும். இறங்காவிட்டால் ஓட்டை என்ற பேச்சையே நான் எடுக்கக் கூடாது. மனதுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மெஷினுக்கு முன்னால் கிழவர் கட்டின சுவர் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு.

மெஷின் வீறிட்டது. இரண்டு அங்குலம் போனதும் சத்தம் மாறியது. மாமா கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

"எட்டு எம்.எம். கம்பி" என்றார்.

மெஷினில் மாட்டிய பிட்டின் முனை மழுங்கிவிட்டது. நெட்காரர் வேறு பிட் போட்டு ஒரு முழம் தள்ளித் துளைத்தார். "இது பன்னண்டு" என்றார் மாமா, தொடையில் தட்டிக்கொண்டு. மூன்றாவது இடத்தில் பிட்டே முறிந்து தெறித்தது. "அங்க ரெண்டு கம்பி சேத்துக் கட்டிகீறேன், போவியா நீ!" என்றார். ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறவர் முகம் அவருக்கு.

நெட்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மேடம், ஆவாது. இத்தோட வுட்ருங்க" என்று மெஷினைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். மாமா ஜெயித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதுவரைக்கும் செய்ததெல்லாம் நடிப்பு. இது சத்தியமாக நடிப்பில்லை.

"இன்னாம்மா? இன்னாத்துக்கு இப்ப அழுவுற? வேல போயிடுமா?" மாமா பதறிப் போனார்.

"வேல போவாது மாமா. நான்தான் போவணும். பாப்பா எழுந்துக்கறதுக்கு முன்ன போயி, தூங்கனப்பறம் வரணும்."

மில்லில் மூன்று ஷிஃப்ட்டும் பார்த்தவர் மாமா. என் கணவர் சின்ன வயதில் தன் அப்பாவை யாரென்று தெரியாமல் 'சைக்கிள் மாமா' என்று கூப்பிட்டதாக வீட்டில் ஒரு கதை உண்டு. மாமா நாற்காலியை விட்டு எழுந்து, கதவு நிலையிலிருந்து சுவரில் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாண், அப்புறம் நாலு விரல். விரல் முட்டியால் அங்கே தட்டிப் பார்த்தார்.

"இங்க போடு" என்றார்.

மெஷின் முனகிக்கொண்டே உள்ளே போயிற்று. இரும்புச் சத்தம் வரவே இல்லை. டீ ஆறுவதற்குள் அந்தப் பக்கம் என் அறையில் சிமெண்ட் தூள் கொட்டியது.

"கம்பி தீந்து போச்சி அன்னிக்கி" என்று மாமா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஒரு சாண் அகலத்துக்கு வெறும் காங்கிரீட்தான். இத்தினி வருஷமா யார் கிட்டயும் சொன்னதில்ல."

அவர் மெதுவாகச் சொன்னது சமையலறை வரைக்கும் போய்விட்டது. அத்தை கரண்டியோடு வந்து நின்றார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவின் படம் ஒன்று உண்டு. மாட்ட இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருப்பார். ஃபிரிட்ஜை வேகமாக மூடினால் தாத்தா குப்புற விழுவார். இரண்டு முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது.

"ஏன்யா," என்றார் அத்தை. "முப்பது வருஷமா ஒரு ஆணி அடிக்க எடம் கேட்டேன். அப்ப இல்லாத எடம் இன்னிக்கி எங்கேருந்து வந்துச்சி?"

நெட்காரர் பையை மூடுவதை நிறுத்திவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை விட்டுவிட்டு எழுந்து போக எனக்கென்ன பைத்தியமா?

மாமா சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் வெடித்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கி உங்கப்பன் பந்தியில இன்னா சொன்னாரு? 'கூர ஊட்டுக்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டேன், மழ வந்தா எங்க நிப்பாளோ'ன்னு சொல்லல? நாலு பேரு சிரிக்கல? அவர நானு எஞ்செவுத்துல ஏத்தணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை அடிச் சுவர், இரும்புக் கதவு, துண்டு துண்டாகக் கட்டிய கம்பி எல்லாமே அந்த ஒரு பேச்சுக்குப் பதில். எந்தக் காலத்திலோ ஒரு மனுஷன் சாப்பாட்டு இலைக்கு முன்னால் வாய்விட்டதற்கு, இன்றைக்கு என் நெட் அறுந்துகொண்டிருந்தது.

அத்தை சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனார். படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"சொன்னாருதான். நானும் கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார். "அதுக்குத்தான்யா மாட்டச் சொல்றேன். அந்த ஆளு தெனம் இந்த ஊட்டப் பாக்கட்டும்."

மாமா நெட்காரர் பக்கம் திரும்பினார். "இன்னொரு தபா மெஷின எடுப்பா" என்றார்.

இப்படியாக, வீட்டில் கம்பியில்லாத ஒரே ஒரு சாணில் கீழே என் நீல ஒயரும் மேலே தாத்தாவும் குடியேறினார்கள். படத்துக்கு அடியிலிருந்து ஒயர் புறப்படுவதைப் பார்த்தால், நெட்டையே அவர்தான் சப்ளை செய்வது போல இருக்கும். காலண்டர் மட்டும் இன்னும் ஜன்னலில்தான்.

திங்கட்கிழமை பாப்பாவுக்குத் தலை பின்னி வேனில் ஏற்றிவிட்டு வந்து, இரும்புக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. டீம் லீடர் கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார். முதல் கேஸைத் திறந்தேன். அப்போது அந்தச் சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சுவர் வழியாக ஒரு சத்தமும் நான் கேட்டதில்லை. ஒயரைச் சுற்றி ஓட்டையில் மிச்சமிருந்த சந்து வழியாக வந்திருக்கிறது. ஹாலில் மாமா உள்ளங்கையால் சுவரைப் பட்டென்று அடித்தார். வீட்டுக்கு யாரும் வந்திருக்கவில்லை.

"இன்னா மாமா," என்று படத்திடம் கேட்டார். "கூர ஊடா இது?"