மான் தின்ற மறைவு

“அம்மா, எங்கட கூரையை ஆடு தின்னுது,” என்றாள் பங்கர்க் குழிக்குள் இருந்த மகள். வேவு விமானத்துக்குத் தெரியாமலிருக்க நான் மேலே பரப்பிய பூவரசங்குழையை ஆடு மென்றுகொண்டிருந்தது. அப்பாவின் வேட்டை மறைவில் வந்த அதே பச்சை வாசம்.

சிறுவயதில், விசுவமடுக் காட்டுக் குளத்தருகே, அப்பா துவக்கோடு குழை மறைவுக்குள் மானுக்காகக் காத்திருந்தார். நானும் அருகில் இருந்தேன். வந்த மான் அந்தக் குழையையே தின்னத் தொடங்கியது. ஓட்டை விழுந்து, அதன் ஈர மூக்கு அப்பாவின் முகத்துக்கு நேரே வந்தது. அவர் இமைக்கவேயில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. மான் பாய்ந்து ஓடியது.

“வேட்டைக்கு வந்து விருந்து வைச்சிட்டம், பிள்ளை,” என்றார். கோபமே இல்லை. மறுநாள், மான் வாய் வைக்காத எருக்கலைக் குழையால் மறைவைக் கட்டினார்.

இப்போது நானும் பங்கரின்மேல் எருக்கலை பரப்பினேன். ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போனது. வேவு விமானம் மட்டும் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.