இடிச்சுக்கிட்டது

பார்சல் கிடங்கில் இருபது வருடமாகப் பெட்டி பிரிக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பார்சலக்கா. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். தன் இடது மார்பில் உருண்டு நின்ற கட்டி என்ன ரகம் என்று மட்டும் அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

"ஸ்கேன்ல பார்க்க கேன்சர் மாதிரிதான் இருக்கு. சதை எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா. ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே! 'மாதிரி' என்ற சொல்லைப் புருஷன் காதிலேயே வாங்கவில்லை. அவள் இருமினால் அழுகை, சிரித்தால் அதைவிட அழுகை. நாத்தனார் துணிமணியோடு வந்து இறங்கினாள். "அண்ணி, நீங்க எதையும் தொடாதீங்க. பீரோ சாவி எங்கன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லி வச்சிடுங்க" என்றாள். பயப்பட வேண்டியவள் பார்சலக்கா; அவளுக்கு அதற்கு நேரம் யார் கொடுத்தார்கள்? இவர்களுக்கு ஆறுதல் சொல்லியே தொண்டை வறண்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். அதற்குள், "உள்ள என்ன பண்றே? மயக்கமா?" என்று புருஷன் கதவை இடிப்பான்.

பதினோராம் நாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"கேன்சர் இல்ல. அடிபட்ட இடத்துல கொழுப்பு செத்துப்போய்க் கட்டியாகியிருக்கு. ஆபத்தில்ல. சில சமயம் ஸ்கேன்ல அச்சு அசல் கேன்சராவே தெரியும். அன்னிக்கே கேட்டேனே, மார்புல அடிபட்டுச்சான்னு? இல்லவே இல்லன்னீங்க!"

"படலையே டாக்டர்." யோசித்தாள். "நாலு மாசம் முன்னாடி தள்ளுவண்டிக் கைப்பிடி எகிறி இங்க இடிச்சுது. ரொம்ப நாள் கன்னிப்போய்க் கிடந்துது. அதெல்லாம் அடியா?"

"பின்னே?"

"எங்க கிடங்குல ரத்தம் வந்தாத்தான் அடி. அதைத்தான் நோட்டுல எழுதுவாங்க. இல்லன்னா சும்மா இடிச்சுக்கிட்டது. வேலையைப் பாருன்னுடுவாரு சூப்பர்வைசர்."

கூட வந்திருந்த புருஷன் மூக்கைச் சிந்தினான். "இப்ப எதுக்கு அழுகை?" என்று எரிந்து விழுந்தாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "சரி, கிடங்குக் கணக்கை விடுங்க. என் கணக்குக்குச் சொல்லுங்க. வேற எங்கயாவது அடிபட்டிருக்கா?"

'இல்ல' என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் கை தானாக வலது தோளுக்குப் போனது. அங்கிருந்து இடுப்புக்கு, முழங்காலுக்கு. பத்து நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

"எந்த வருஷத்துல இருந்து சொல்லணும் டாக்டர்?" என்றாள்.