மறைத்தது அறுபத்து மூன்று

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவள் அக்கா. பதினோரு வருடம் அந்த ஏசி அறையில், தம்பியின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பிஸ்கட் தின்ற கையாலேயே அவள் கீபோர்டைத் தொடுவார். அவர் போனதும் ஈரத்துணியால் துடைப்பாள். பார்க்கிற எனக்குக் குமட்டும்.

அந்த மாதம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நத்தை வேகத்தில் நகர்ந்தன. ரிசல்ட் அடிப்பவள் நான். வெளியே நோயாளிகள் கத்தினார்கள். மேனேஜர் முதலாளியிடம் பழியைத் தூக்கி என் தலையில் போட்டார். "அந்தப் பொண்ணு கண்டதையும் திறந்து வைக்குது சார்." முதலாளி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார், அத்தோடு என் வேலை போகும் என்பது ஊரறிந்த ரகசியம்.

சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கறுப்புத் திரை ஒன்றை அக்கா முன்பே எழுதி வைத்திருந்தாள். திறந்து கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரிகள் குதித்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் கண்ணில் நிற்காது. எனக்காக இரண்டு நாள் உட்கார்ந்து அதில் தேடும் வசதி சேர்த்தாள். ஒரு பெயரை அடித்தால் அந்த வரிகள் மட்டும் நிற்கும். வேண்டாம் என்றால் அவை மட்டும் மறையும். மொத்தம் எத்தனை, மறைத்தது எத்தனை என்று உச்சியில் ஒரு வரி.

"இது எதுக்குக்கா? இடத்தை அடைக்குது."

"இருக்கட்டும்டி. மறைச்சதை நானே மறந்துட்டு திருதிருன்னு முழிப்பேன்."

வியாழன் காலை தேடினோம். அகப்பட்டது, நோயாளிகளுக்கு டோக்கன் போட மேனேஜரின் மச்சான் எழுதிக் கொடுத்த புரோகிராம். திறந்ததை மூடத் தெரியாத ஜென்மம். அறுபத்து மூன்று வரி.

மேனேஜர் வந்து பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பிறகு பல்லை இளித்தார். "நல்லாயிருக்கும்மா. நாளைக்கு முதலாளி வரும்போது அந்தப் பேர் மட்டும் தெரியாம பண்ணிடு."

"சரி சார்" என்றாள் அக்கா.

சீ! "நீயெல்லாம் ஒரு மனுஷியாக்கா?" என்று கேட்டேவிட்டேன். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய்த் தின்றேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி திரைமுன் குனிந்தார். "பாருங்க சார், இருபத்தோரு வரி. முக்கால்வாசி இந்தப் பொண்ணு திறந்ததுதான்" என்றார் மேனேஜர், வெட்கமே இல்லாமல்.

முதலாளி கண்ணாடியை மாட்டி உச்சியிலிருந்து படித்தார். "மொத்தம் எண்பத்து நாலு. மறைத்தது அறுபத்து மூணு. அது எங்கே?"

மேனேஜர் அக்காவை முறைத்தார்.

"மேனேஜர் சார் மறைக்கச் சொன்னாரு, மறைச்சேன்" என்றாள் அக்கா. "எஸ்கேப் பட்டனை அழுத்துங்க சார், வந்துடும்."

முதலாளியே அழுத்தினார். மச்சானின் புரோகிராம் திரை முழுக்க வரிசை கட்டி நின்றது.

என் வேலை தப்பியது. மேனேஜரும் தப்பினார். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தமாம். புரோகிராமைச் சரிபண்ண அதே மச்சானைத்தான் கூப்பிட்டார்கள். தூ!

அதைவிடக் குமட்டுவது வேறொன்று. மறுநாள் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, எப்போதும்போலப் பாதியை என் பக்கம் தள்ளினாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தின்பதற்கு மட்டும் வந்தது.